காந்தத் தூண்டல் சிகிச்சை: சுருளை எடுத்தபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

பக்கவாதம் வந்து பல மாதங்கள் ஆன பிறகும் அப்பாவின் இடது கைவிரல்கள் விரியவில்லை. அதனால்தான் மூளைக்குக் காந்தத் தூண்டல் தரும் மையம் ஒன்றில் சேர்த்தோம்.

அறுவை இல்லை, மயக்க மருந்தும் இல்லை. எட்டு வடிவச் சுருளைத் தலைமேல் வைக்கிறார்கள். அதில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து மூளையில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1985-இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரின் குழு முதலில் செய்துகாட்டிய முறை இது.

பேஸ்மேக்கர் உண்டா, தலையில் உலோகம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று விசாரித்த பிறகே தொடங்கினார்கள். அது எனக்குப் பிடித்தது. வலது பெருவிரல் லேசாகத் துள்ளும் வரை வலிமையைக் கூட்டி, அதை வைத்து அப்பாவுக்கான அளவை முடிவு செய்தார்கள். "நல்லா இருக்கிற பக்கத்துல ஏன் வைக்கிறீங்க?" என்று அப்பா கேட்டார். "மூளையில அந்தப் பக்கம், பக்கவாதத்துல அடிபட்ட பக்கத்தை அமுக்குதுங்க ஐயா. நொடிக்கு ஒரு துடிப்பு கொடுத்து அதைக் கொஞ்சம் அடக்குறோம்" என்றார் டெக்னீஷியன். காதில் அடைப்பான் வைத்தும் டக் டக் என்ற சத்தம் கேட்டது. வலி இல்லை.

சுருளை எடுத்த கையோடு பயிற்சி. டம்ளரைப் பிடி, விடு, துண்டை மடி என்று தெரபிஸ்ட் விடவே மாட்டார். மையத்தின் உண்மையான பலம் அவர்தான். 2018-இல் வெளியான ஆய்வொன்றில் 199 பேருக்கு இதே முறையைச் சோதித்தார்கள். நிஜத் தூண்டல் பெற்றவர்களிலும் போலித் தூண்டல் (ஒப்பிடுவதற்காகத் தருவதுபோல் பாவனை மட்டும்) பெற்றவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே மாதிரி தேறினார்கள். இரு தரப்பும் பயிற்சி செய்திருந்தது. அப்பா இப்போது துண்டைப் பிடிக்கிறார். சட்டைப் பொத்தான் இன்னும் வரவில்லை. இதில் காந்தத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

குறை ஒன்று உண்டு. தெரபிஸ்ட் வராத நாளில் தூண்டலை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். அப்புறம், ஞாபக சக்திக்கும் தனியாகச் சேரச் சொன்னார்கள். அல்சைமர் நோயாளிகள் 50 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் சரிவின் வேகம் குறைந்தது நிஜம்தான். ஆனால் அங்கே தூண்டியது மூளையின் வேறு இடம், நோயும் வேறு. அப்பாவின் மறதி எதனால் என்று சோதிக்காமலே கேட்டதால் வேண்டாம் என்றோம்.

கைக்காகப் போகிறவர்களுக்கு இந்த மையத்தைத் தைரியமாகச் சொல்வேன். சேருமுன், ஒவ்வொரு தூண்டலுக்குப் பிறகும் பயிற்சி தர ஆள் இருப்பாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.