சிங்கப்பூர் டூர் படங்கள்: வாட்ஸ்அப் குரூப்பா, டிரைவா, கூகுள் போட்டோஸ் ஆல்பமா?

ஐந்து பேர் நான்கு நாள் சிங்கப்பூர் போய் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்ட்ராய்டு போன், இரண்டு ஐபோன், ஒருவர் தோளில் ஒரு கேமரா. ஆளுக்கு 300 படம் என்றாலே 1,500 ஆகிவிடும். இவற்றை எல்லோருக்கும் போய்ச் சேரும்படி எங்கே வைப்பது? ஊர் திரும்பியதும் எழுகிற முதல் கேள்வி இதுதான். என் தேர்வு கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்வு ஆல்பம். மற்ற வழிகளை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே அவை கைவிடும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் வாட்ஸ்அப். எல்லோரிடமும் இருக்கிறது, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெர்லயன் சிலை முன்னால் நின்று எடுத்ததை அம்மாவுக்கு அந்த நிமிடமே அனுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் சாதாரணமாக அனுப்பினால் 4,032 × 3,024 பிக்சல் படம், நீளப் பக்கம் 1,600 முதல் 2,000 பிக்சலுக்குள் சுருங்கிவிடும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது. 8 × 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் தெரியும்: அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற கணக்கில் நீளப் பக்கம் 3,600 பிக்சல் வேண்டும், கையில் இருப்பதோ ஏறக்குறைய அதில் பாதி. குரூப் போட்டோவிலிருந்து ஒருவர் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கப் பார்த்தால் இன்னும் மோசம்.

2023 ஆகஸ்டில் வந்த எச்டி தேர்வு பிக்சல் குறையை ஓரளவு தீர்க்கிறது. 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை இருக்கலாம். ஆனால் 300 படங்களை டாக்குமெண்டாக அனுப்பினால் குரூப் முழுக்கக் கோப்புப் பெயர்களாக ஓடும். பெறுகிறவர்களின் போனில் அவை வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பல போன்களில் கேலரியில் தெரியாது. 'படமே வரலையே' என்ற கேள்வி பெரும்பாலும் இதனால்தான்.

ஐகிளவுட் பகிர்வு ஆல்பம், ஐந்து பேரும் ஐபோன் வைத்திருந்தால் மட்டும். யாருடைய சேமிப்பு இடத்தையும் அது எடுத்துக்கொள்ளாது. 5,000 படம் வரை கொள்ளும். பதிலுக்குப் படத்தை 2,048 பிக்சலுக்கும் வீடியோவை 720பி-க்கும் குறைத்துவிடும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் வெப் லிங்கில் பார்க்கலாம், படம் சேர்க்க முடியாது. ஒரிஜினல் அளவிலேயே பகிரும் ஐகிளவுட் பகிர்வு லைப்ரரி என்று தனியாக ஒன்று இருக்கிறது. உரிமையாளரோடு சேர்த்து ஆறு பேர் வரை. நண்பர்கள் குழுவுக்கு அதை நீண்ட நாள் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு, அதனால் அதற்கு மேல் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். குடும்பத்துக்கென்று அமைத்தது போலத்தான் அது எனக்குப் படுகிறது.

கூகுள் டிரைவ் ஃபோல்டர் தரத்தில் குறை வைக்காது; போட்டது போட்டபடி இருக்கும். வரிசைதான் சிக்கல். டிரைவ் கோப்புகளைப் பெயர் வாரியாக அடுக்கும். ஐபோன் 'ஐஎம்ஜி' என்று தொடங்கி ஓர் எண் போடும். சாம்சங் தேதியும் நேரமும் போடும். சோனி கேமரா 'டிஎஸ்சி' என்று தொடங்கும். கூகுளின் பிக்ஸல் போனில் பெயரிலுள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்; சிங்கப்பூர் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். சிங்கப்பூரில் இரவு 7:45-க்கு எடுத்த படத்தின் பெயரில் 11:45 என்று இருக்கும். ஆக ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொருவர் படமும் தனித்தனிக் கூட்டமாக நிற்கும். இன்னொன்று: இரண்டு ஐபோனிலும் ஒரே எண்ணில் படம் இருக்க வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டருக்குள் காப்பி செய்யும்போது 'ரீப்ளேஸ்' கொடுத்துவிட்டால் ஒன்று போய்விடும். ஆள் பெயரில் தனித்தனி உள் ஃபோல்டர் போடுவது இதற்காகத்தான்.

இந்த வரிசை விஷயத்தில்தான் என் தேர்வே நிற்கிறது. பிக்சலும் இடமும் இரண்டாம்பட்சம்.

ஐந்து பேர் ஒரே நாளை ஐந்து கோணத்தில் எடுத்திருக்கிறார்கள். காலையில் சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோவில், பிறகு தேக்கா சென்டரில் சாப்பாடு, மதியம் தாவரவியல் பூங்கா, இரவு கார்டன்ஸ் பை தி பேயில் சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி. ஒருவர் கோபுரத்தை எடுக்கும்போது இன்னொருவர் அந்தக் கோபுரத்தை எடுப்பவரை எடுத்திருப்பார். இந்த இரண்டு படமும் அடுத்தடுத்து வந்தால்தான் அந்த நாள் திரும்பக் கண் முன்னால் வரும். 1,500 படத்தைக் கையால் அடுக்க யாராலும் ஆகாது. தானாக அடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு: ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா எழுதி வைத்திருக்கும் எடுத்த நேரம். எக்ஸிஃப் என்று சொல்கிற தகவலில் அதுவும் ஒன்று.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இந்த எக்ஸிஃப் கழற்றப்பட்டுவிடும். எச்டி தேர்வு பிக்சலைக் கூட்டுமே தவிர இதைக் காப்பாற்றாது. ஆண்ட்ராய்டில் சேமிக்கப்படும் பெயரில் ஒரு தேதியும் 'டபிள்யூஏ' என்ற எழுத்தோடு ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். அந்தத் தேதி படம் எடுத்த நாளைக் குறிக்காது. சிங்கப்பூரில் புதன்கிழமை எடுத்ததை ஊருக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பினால், எல்லோர் கேலரியிலும் ஞாயிற்றுக்கிழமைப் படமாகவே நிற்கும். இரண்டு வருடம் கழித்துத் தேடும்போது கிடைக்காமல் போவதும் இதனால்தான். எனவே ஒரு விதி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஆல்பத்தில் சேர்க்கவே கூடாது. எடுத்தவரே தன் போனிலிருந்து ஒரிஜினலைச் சேர்க்க வேண்டும்.

கூகுள் போட்டோஸ் இந்த நேரத்தைப் படித்து அடுக்கும். ஆல்பத்தின் மூன்று புள்ளி மெனுவில் வரிசைப்படுத்தும் தேர்வைத் திறந்து 'பழையது முதலில்' என்று வைத்தால் ஐந்து பேர் படமும் ஒரே ஓட்டமாகக் கலந்துவிடும். போன்களில் எடுத்தவை பெரும்பாலும் தொல்லை தராது, ஏனென்றால் போன் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதுமே நெட்வொர்க்கிலிருந்து உள்ளூர் நேரத்தை எடுத்துக்கொள்ளும். தொல்லை கேமராவில் இருக்கிறது. அதற்கு யாராவது சொன்னால்தான் நேரம் தெரியும். இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டால் இரண்டரை மணி நேரம் பின்தங்கும். இரவு 7:45 ஒளிக்காட்சி மாலை 5:15 என்று பதிவாகும். சிங்கப்பூரில் சூரியன் மறைவதே ஏறக்குறைய 7 மணிக்குத்தான். ஆக இருட்டில் மின்னும் சூப்பர்ட்ரீ, வெயில் அடிக்கும் பூங்காப் படங்களுக்கு நடுவே போய் நிற்கும். காலை 8:30 பூஜை 6 மணி ஆகிவிடும். நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு எடுத்தது முந்தைய நாளுக்கே போய்விடும்.

சரிசெய்வது எளிது, முன்கூட்டிச் செய்தால் இன்னும் எளிது. இறங்கியதும் கேமராவில் நேரத்தை மட்டும் மாற்றாமல் டைம் ஸோனையும் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். பிறகு போன் கடிகாரத்தை விநாடியோடு திரையில் காட்டி, அதைக் கேமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கேமரா எத்தனை நிமிடம் முன்பின்னாக ஓடுகிறது என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். எட்டு நிமிடம் வித்தியாசம் இருந்தாலே படங்கள் இடம் மாறும். தேக்காவில் எட்டு நிமிடத்தில் பாதி பிரியாணி முடிந்திருக்கும்.

மறந்துவிட்டால் இரண்டு வழி. ஏற்றிய பிறகு என்றால் கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் போட்டோஸைத் திறந்து, கேமராப் படங்களில் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கடைசிப் படத்தைச் சொடுக்கினால் இடையில் உள்ளவை எல்லாம் தேர்வாகும். மெனுவில் தேதி, நேரம் திருத்துவதைத் திறந்தால் இரண்டு தேர்வு வரும்: எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் வைப்பது, எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்துவது. இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதை அழுத்திவிட்டால் 300 படமும் ஒரே நிமிடத்தில் எடுத்ததாகிவிடும். இதைப் படங்களை ஏற்றியவர் மட்டுமே செய்ய முடியும், ஆல்பம் தொடங்கியவரால் ஆகாது. தவிர, இந்தத் திருத்தம் கூகுள் போட்டோஸுக்குள் மட்டும்தான். டவுன்லோடு செய்த கோப்பில் பழைய நேரமே இருக்கும். கோப்பிலேயே சரியாக வேண்டுமென்றால் ஏற்றுவதற்கு முன் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் எல்லாத் தேதிகளையும் 2:30 கூட்டிவிட வேண்டும். கேமராவை ரொம்ப நேசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழியையே சொல்வேன்.

கேமராவிலிருந்து போனுக்கு மாற்றும் இடத்திலும் கவனம் வேண்டும். கம்பெனிச் செயலிகள் சில, வைஃபை வழியாகச் சின்ன அளவுப் படத்தை மட்டும் அனுப்பும்படி அமைந்திருக்கும். செட்டிங்கில் ஒரிஜினல் என்று மாற்றுங்கள், அல்லது டைப்-சி கார்டு ரீடர் ஒன்று எடுத்துப் போங்கள்.

ஆல்பம் தொடங்குவது ஒருவர் வேலை. பகிர்வைத் திறந்து, மற்றவர்களும் படம் சேர்க்கும் தேர்வை ஆன் செய்து, லிங்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும். ஓர் ஆல்பத்தில் 20,000 படம் வரை போகும் என்பதால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். படம் எடுத்த இடத்தைக் காட்டும் தேர்வு ஆல்பம் அமைப்பில் இருக்கிறது. அங்மோ கியோவில் நண்பர் வீட்டில் தங்கி அங்கே எடுத்த படமும் உள்ளே இருந்தால் அதை ஆஃப் செய்வதே முறை.

ஒவ்வொருவரும் முதலில் பேக்அப் முடித்துவிட்டு, அதன் பின் ஆல்பத்தில் சேர்ப்பது பாதுகாப்பு. 300 படம், படத்துக்கு 3 எம்பி என்றால் 900 எம்பி. 10 எம்பிபிஎஸ் அப்லோடு கிடைக்கும் வைஃபையில் சுமார் 12 நிமிடம்தான். ஐந்து பேரும் ஒரே ஹோட்டல் வைஃபையில் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒரு மணி நேரம். வீடியோதான் இடத்தைத் தின்னும்: ஐபோனில் 4கே, 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 170 எம்பி, 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. ஒளிக்காட்சி முழுவதையும் 60 ஃபிரேமில் எடுத்தால் அந்த ஒரு வீடியோவே மற்றப் படங்களையெல்லாம் மிஞ்சிவிடும்.

இந்தத் தேர்வின் பெரிய குறை இடம். 2021 ஜூன் 1-க்குப் பிறகு இலவசமாக 15 ஜிபிதான், அதையும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்ளும். நிரம்பிவிட்டால் பேக்அப் நிற்பதோடு மெயில் வருவதும் நின்றுவிடும். இடம் குறைவாக உள்ளவர்கள் 'ஸ்டோரேஜ் சேவர்' வைத்துக்கொள்ளலாம். அது 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தை மட்டுமே அளவில் குறைக்கும். 12 மெகாபிக்சல் போன் படம் அழுத்தப்படும், பிக்சல் குறையாது, எடுத்த நேரமும் போகாது. வீடியோ மட்டும் 1080பி ஆகிவிடும். 24 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவர் ஒரிஜினல் தரத்திலேயே ஏற்றட்டும். ஆல்பத்தில் உள்ள படம் எடுக்கும் இடம், அதை ஏற்றியவர் கணக்கில்தான் போகும். பார்ப்பவருக்கு இடம் செலவாகாது. 'சேமி' அழுத்தித் தன் லைப்ரரிக்குக் கொண்டுவந்தால் அவர் கணக்கிலும் சேரும்.

வீடியோவுக்கு நேருக்கு நேர் அனுப்புவதே மேல். ஆண்ட்ராய்டுக்குள் குவிக் ஷேர், ஐபோனுக்குள் ஏர்டிராப். டேட்டா செலவு இல்லை, தரம் குறையாது, எக்ஸிஃப் போகாது. ஐபோனில் பகிரும்போது மேலே உள்ள 'ஆப்ஷன்ஸ்' திறந்து எல்லாப் படத் தகவலையும் சேர்க்கும் தேர்வை ஆன் செய்யுங்கள். விமானத்துக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் இதற்குச் சரியாகப் போதும். எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் கடைசி நேரமும் அதுதான்.

ஆல்பம் நிரம்பிய பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆல்பத்தில் இருப்பது தனிப் பிரதி கிடையாது. ஆறு மாதம் கழித்து ஒருவர் தன் கூகுள் போட்டோஸைச் சுத்தம் செய்யும்போது அந்தப் படங்களை அழித்தால், ஆல்பத்திலிருந்தும் போய்விடும். 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதன் பின் கிடையாது. போனில் இடம் காலி செய்யும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வேறு. அது போனில் உள்ள பிரதியை மட்டுமே எடுக்கும், பயமில்லை. எனவே குழுவுக்கு ஒரு கெடு வையுங்கள்: திரும்பி இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் சேர்த்தாக வேண்டும். பதினைந்தாம் நாள் ஒருவர் கம்ப்யூட்டரில் ஆல்பத்தைத் திறந்து 'டவுன்லோடு ஆல்' கொடுத்து ஸிப்பாக இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைக்கட்டும். பெரிய ஆல்பம் ஒன்றுக்கு மேற்பட்ட ஸிப்பாக வரலாம். விரித்த பிறகு கோப்பு எண்ணிக்கையை ஆல்பத்தின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, நான்கைந்து படத்தின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து எடுத்த நேரம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸிப்பை அழியுங்கள்.