இ20 பெட்ரோல் தாங்கும்னு வித்த கார்பரேட்டர், 4,850 ரூபா போச்சுங்க. யாரும் வாங்கிராதீங்க

பவர் வீடர் (களையெடுக்கிற மெஷின்), பழைய பெட்ரோல் பம்ப்செட் வச்சிருக்கிறவங்க எல்லாரும் இதைப் படிச்சிட்டுப் போங்க. ஆன்லைன்ல விவசாய மெஷின் ஸ்பேர் விக்கிற ஒரு ஆளு என்கிட்ட 4,850 ரூபா வாங்கி ஏமாத்திட்டான், மஞ்சளுக்கு மண்ணு அணைக்கிற நேரத்துல வீடர் ஷெட்டுல கிடக்குது.

என்னோடது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வர்றதுக்கு ரொம்ப முந்தி வாங்குன வீடர். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பைக், காருக்கெல்லாம் 20 சதவீத எத்தனாலைத் தாங்குற ரப்பர் போட்டு வருது, நம்ம பழைய எஞ்சினுக்கு யாரு மாத்திக் குடுத்தாங்க? எத்தனால் ஈரத்தை இழுத்துக்கும். தினம் ஓடுற பைக்ல அது தெரியாது, வீடரை ஒரு களைக்கு ஓட்டி நிறுத்துனா அடுத்த களைக்குத்தான் எடுக்கறோம், அதுக்குள்ள தண்ணியும் எத்தனாலும் சேந்து அடியில இறங்கிருது. கழட்டிப் பாத்தா கார்பரேட்டர் கப்புல வெள்ளையா பூத்துக்கிடந்துச்சு, பெட்ரோல் போற சின்ன ஓட்டை, ஜெட்டு, அடைச்சுப்போச்சு.

புதுசு தேடும்போதுதான் அந்த ஆளு. போன்ல அவ்ளோ பொறுமையா பேசுனாருங்க, எத்தனை ஹெச்பி, கார்பரேட்டருக்குள்ள பெட்ரோலை அடைக்கிற நீடில் இருக்கே, அதோட நுனி ரப்பரா பித்தளையான்னு கூட கேட்டாரு. கண்ணாடி ஜாடியில கார்பரேட்டரும் பைப்பும் பெட்ரோல்ல ஊறுற வீடியோ அனுப்பி, "ஆறு மாசமா ஊறுதுண்ணா, ஒண்ணும் ஆகல, வைட்டான் ரப்பர், ஒரு வருசம் கேரண்டி"ன்னாரு. வைட்டான்னா எத்தனாலைத் தாங்குற ரப்பர். நீடில் நுனி வரைக்கும் விசாரிக்கிற மனுசன் ஏமாத்துவான்னு யாருக்குங்க தோணும்? கார்பரேட்டர், பைப்பு, எத்தனாலை முறிக்கிற மருந்துன்னு ஒரு டப்பா, மொத்தம் 4,850, யூபிஐல அனுப்பிட்டேன்.

ரெண்டு டேங்க் கூட தாங்கல. பைப்பு ஊறிக் கொழகொழன்னு ஆகி க்ளாம்ப்கிட்ட பிளந்து சூடா இருக்கிற சைலன்சர் மேல பெட்ரோல் சொட்டுது, ஓட்டிட்டு இருந்தவன் என் தம்பி மகன், தீப்பிடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது? மெக்கானிக் அண்ணன் மிச்சப் பைப்புல ஒரு துண்டு வெட்டி, கூடவே அவர்கிட்ட இருந்த நிஜ வைட்டான் துண்டையும் ஒரே பாட்டில்ல பெட்ரோல் ஊத்திப் போட்டு வச்சாரு. காலையில பாத்தா பெட்ரோல் கறுத்துப்போச்சு, அவன் குடுத்தது உப்பிப்போய் நகம் பட்டா பிஞ்சு வருது, இன்னொண்ணு போட்டது போட்டபடி இருக்கு.

போட்டோ எடுத்து அனுப்புனேன். "உங்க பங்க்ல தண்ணி கலந்திருக்கும்ணா." அப்புறம் "மருந்து அளவா ஊத்துனீங்களா?" அப்புறம் "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" அப்புறம் ஓனர் வெளியூராம். இப்ப ப்ளூ டிக் மட்டும் வருது. மச்சான் நம்பர்ல இருந்து கூப்பிட்டா "சொல்லுங்கண்ணா"ன்னு தேனா பேசறான், என் பேரைச் சொன்னதும் கட் பண்றான். 4,850 ரூபாங்க, பத்துப் பேருக்கு மேல களையெடுப்புக் கூலி அது.

எப்படிப் பாத்து வாங்கறதுன்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல ஓடமாட்டேங்குது. எத்தனாலை முறிக்கிற மருந்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, பிரிஞ்சு அடியில இறங்குனதை வடிச்சுக் கொட்டறதுதான் வழி. வண்டியை நிறுத்தி வைக்கறதுன்னா டேங்குல இருந்து பெட்ரோல் வர்ற டேப்பை மூடிட்டு எஞ்சின் தானா அணையற வரைக்கும் ஓட விடுங்க. பைப்பு எங்க வாங்குனாலும் ஒரு துண்டை ஊறப்போட்டுப் பாத்துட்டு மாட்டுங்க. முன்பணம் அனுப்பாதீங்க. ஏமாந்தவங்க நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சுப் புகார் குடுங்க, நானும் குடுத்திருக்கேன். அதே ஜாடி வீடியோ இப்ப வேற நம்பர்ல இருந்து எங்க மாமாவுக்கு வந்திருக்கு, உங்களுக்கு வந்தா பேச்சே குடுக்காதீங்க.