கத்திரி வெயிலில் ஏசி திணறுகிறதா? "கேஸ் இல்லை" என்று சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி நடந்த அந்த மே மாத வாரத்தில் தினமும் 42, 43 டிகிரி. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அப்பாவுக்காகத்தான் நாங்கள் ஏசியே வாங்கினோம். ஒன்றரை டன், இன்வெர்ட்டர், வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. இரவிலும் விடியற்காலையிலும் அறை ஜில்லென்று இருக்கும். மதியம் ஒரு மணி ஆனால் வெறும் காற்றுதான் வரும். அப்பாவின் தலையணை நனைந்துவிடும். அவரால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

பதறிப்போய் கம்பெனி பெயரைப் போட்டு, கஸ்டமர் கேர் என்று கூகுளில் தேடினேன். முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். வாரண்டி கார்டு பீரோவில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். சட்டையில் கம்பெனி பெயர் இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பால்கனியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் பக்க மூடியைக் கழற்றி, தடிப்பான குழாயில் கேஸ் பிரஷர் காட்டும் மீட்டரை மாட்டினார். அவருக்கு மோர் எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் கையில் எல் வடிவத்தில் ஒரு சிறிய சாவி இருந்தது. மெல்லிய குழாயின் பித்தளை மூடி கழற்றி, சுவர் மேல் வைக்கப்பட்டிருந்தது. "பாருங்க மேடம், 140 இருக்கணும், 60தான் காட்டுது. சுத்தமா லீக்" என்றார். முள் 60இல்தான் நின்றது, நானும் பார்த்தேன். எங்கே லீக் என்று கேட்டேன். "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, வெயில்ல தானா குறையும்" என்றார். சிலிண்டரை மாட்டிக் கொஞ்ச நேரத்தில் முள் 140க்கு வந்தது. கேஸ் ஒரு கிலோ 3,800, லீக் டெஸ்ட் 700, வந்துபோக 400, ஆக 4,900 ரூபாய். ஒரு தனிநபர் பெயருக்கு ஜிபேயில் அனுப்பினேன். அவர் கொடுத்த துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி எண் கிடையாது.

மறுநாள் மதியம் நிலைமை முன்பைவிட மோசம். இருபது நிமிடம் ஓடும், நிற்கும், ஏசியின் விளக்கு விட்டு விட்டு எரியும். மறுபடி கூப்பிட்டதற்கு வந்து பார்த்து, ஏசியின் சர்க்யூட் போர்டு போய்விட்டது, 9,500 ஆகும் என்றார். அப்போதுதான் எனக்கு உறுத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர் சொல்லி ஒரு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வந்ததும் மீட்டரைத் தொடவே இல்லை. "காலையில கூலிங் எப்படி இருக்கு அக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "கேஸ் இல்லாத ஏசி ராத்திரியில மட்டும் எப்படிக் கூல் பண்ணும்?" என்றார். இந்தச் சின்னக் கேள்வி எனக்குத் தோன்றாமல் போனதே என்று இன்றும் மனசு ஆறவில்லை.

பால்கனியில் வெயில் படக்கூடாது என்று யூனிட்டுக்கு முன்னால் நான் ஒரு மூங்கில் தட்டி கட்டியிருந்தேன். கோளாறே அதுதான். உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அவுட்டோர் யூனிட்டின் வேலை. அது தள்ளும் அனல் தட்டியில் மோதித் திரும்பி, பின்பக்கமாக மறுபடி உள்ளே போயிருக்கிறது. அவர் தன் தெர்மாமீட்டரைத் தட்டிக்கும் யூனிட்டுக்கும் நடுவில் நீட்டிக் காட்டினார். 54 டிகிரி. நம் ஊர் ஏசிகளின் கூலிங் திறனை, வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்துதான் சொல்கிறார்கள். அதற்கு மேல் சூடு ஏற ஏற திறன் குறையும். ரொம்ப ஏறினால் இன்வெர்ட்டர் மிஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கம்ப்ரசர் வேகத்தைத் தானே குறைக்கும், அல்லது நிறுத்தும். போதாக்குறைக்கு யூனிட்டின் பின்பக்கத் தகடுகளில் புறா இறகும் தூசியும் கம்பளி மாதிரி அப்பியிருந்தன.

கேஸ் விஷயத்துக்கு வந்தபோது, யூனிட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னார். ஆர்32, 780 கிராம் என்று இருந்தது. ஆர்32 என்பது கேஸின் வகை. மிஷின் மொத்தமாகக் கொள்வதே 780 கிராம்தான், அதில் அந்த ஆள் ஒரு கிலோ ஏற்றியதாகப் பணம் வாங்கியிருக்கிறார். முதலில் வந்த அந்த ஆள் கையில் தராசுகூட இல்லை. இவர் ரெக்கவரி மிஷின் வைத்து உள்ளே இருந்ததைக் காலி சிலிண்டரில் இழுத்து எடை போட்டார். 940 கிராம். ராத்திரியில் கூலிங் நன்றாக இருந்ததை வைத்துப் பார்த்தால், முதலில் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பில்லை என்றார். அப்படியானால் புதிதாக ஏற்றியது சுமார் 160 கிராம்தான். கூடுதலாகப் போனதால்தான் பிரஷர் ஏறி, மதிய வெயிலில் மிஷின் நின்று நின்று போயிருக்கிறது.

அப்படியென்றால் முள் 60 காட்டியது எப்படி? மிஷின் ஓடும்போது மெல்லிய குழாயின் வால்வை அந்த எல் சாவியால் மூடினால், மீட்டர் முள் தானாகக் கீழே இறங்கும், திறந்தால் தானாக ஏறும் என்று செய்தே காட்டினார். நான் மோர் எடுக்கப் போன நேரம் அதற்குப் போதும். அந்தப் பித்தளை மூடிகூட மறுபடி சரியாக முடுக்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

பழைய கேஸை எடுத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றை வேக்யூம் பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, 780 கிராம் நிறுத்து ஏற்றினார். ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது என்று சொல்லி, தொடங்கும் முன்பே அப்பா அறையிலிருந்த ஊதுபத்தியையும் அணைக்கச் சொன்னார். தகடுகளைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். வோல்டேஜும் பார்த்தார், அது சரியாகவே இருந்தது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டியை அவிழ்த்து யூனிட்டுக்கு மேலே கூரை மாதிரி உயர்த்திக் கட்டச் சொன்னார். முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கிறது இப்போது.

ஏசிக்குள் கேஸ் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, அவ்வளவுதான். ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கசிவு தெரியும். ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அடைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது சிலிண்டர் தராசின் மேல் இருக்கட்டும். மீட்டர் மாட்டியிருக்கும் நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நில்லுங்கள், மோர், தண்ணீர் எல்லாம் முன்பே கொடுத்துவிடுங்கள். யாரையும் கூப்பிடும் முன் ஒரு சாதாரண தெர்மாமீட்டரால் நீங்களே பார்க்கலாம்: ஏசி உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் எட்டு, பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் கேஸில் குறை இருக்காது. வெயில் உச்சத்தில் 16இல் வைப்பதால் ஒன்றும் சீக்கிரம் குளிராது. நாங்கள் 25இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுகிறோம், அப்பா மதியம் தூங்குகிறார்.

1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. வாரண்டி கார்டில் இருந்த நம்பரையும் நான் கூப்பிட்ட நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு எண்கூடப் பொருந்தவில்லை. நேற்று இரவு மறுபடி தேடிப் பார்த்தேன். இன்னும் அந்த நம்பர்தான் முதலில் வருகிறது.