கருப்பநீரும் கள்ளும்: ஒரே பாளை, இரு வழிகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நொதித்தலை விளக்கப் பனையைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றுதான். அது புளிக்காத கருப்பநீராவதும் புளித்த கள்ளாவதும் சாறு பிடிக்கும் முட்டியைப் (பானையைப்) பொறுத்தது.

சுண்ணாம்பு பூசாத முட்டியில் காற்றோடும் பூச்சிகளோடும் மதுவம் (ஈஸ்ட்) வந்து சேர்கிறது. அதன் நொதியம் (என்சைம்) சாற்றின் வெல்லமான சுக்குரோசை குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் உடைக்கிறது. பிறகு கிளைக்கோப்பகுப்பில் குளுக்கோசு பைருவேற்றாக உடைகிறது; ஒட்சிசன் போதாத நிலையில் பைருவேற்று எதனோலாக (மதுசாரமாக) மாற, காபனீரொட்சைட்டு நுரைத்து மேலெழுகிறது. ஒரு குளுக்கோசுக்குக் கலம் பெறும் நிகர இலாபம் 2 ஏரிபி (ATP, கலத்தின் சக்தி நாணயம்) மட்டுமே. காற்றுச் சுவாசத்தில் ஏறக்குறைய 30 கிடைக்கும். மீதிச் சக்தி எதனோலிலேயே தங்கிவிடுகிறது. (ஸ்பிரிட் விளக்கு எரிவது அந்தச் சக்தியால்தான்.)

சுண்ணாம்பு பூசிய முட்டியில் கல்சியம் ஐதரொட்சைட்டு சாற்றைக் காரமாக்குகிறது. மதுவமும் அதன் நொதியமும் முடங்க, சுக்குரோசு உடையாமல் தப்புகிறது.

பனங்கட்டி காய்ச்சக் கருப்பநீரே வேண்டும். உடைந்த வெல்லங்களான குளுக்கோசும் பிரற்றோசும் எளிதில் பளிங்காகா, பாகு இறுகாது. பரீட்சைக்கு எது உதவும் என்றால், என் தெரிவு கள்தான்: ஒரே முட்டிக்குள் அரை அலகு பாடம் கிடக்கிறது.