அட்லாண்டிஸ்: பதினோரு வருடத்தில் மூன்று முறை

பஹாமாஸின் பாரடைஸ் தீவில் இருக்கும் அட்லாண்டிஸ் ரிசார்ட்டுக்கு 2012, 2017, 2023 என மூன்று முறை போய்விட்டோம். மயாமியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கரீபியன் என்று சொல்லி விற்றாலும் வரைபடத்தில் பஹாமாஸ் இருப்பது அட்லாண்டிக் கடலில். இதைச் சொல்வது அறிவைக் காட்ட இல்லை, ஜனவரியில் கடலில் இறங்கி நடுங்கியவன் என்பதால்.

முதல் முறை பையனுக்கு நான்கு வயது. ரிசார்ட்டின் தண்ணீர்ப் பூங்காவில் பெரிய ஸ்லைடுகளில் ஏற 48 அங்குல உயரம் வேண்டும். அளவுக் கம்பத்தின் முன்னால் எக்கி எக்கி நின்று பார்த்தான், எட்டவில்லை. அழுதவனைத் தூக்கிக்கொண்டு மீன் பார்க்கப் போனோம். ‘தி டிக்’ என்ற அந்த இடம், கடலில் மூழ்கிய நகரத்துக்குள் நடப்பது போலக் கட்டப்பட்டது. இருட்டான நடைபாதை, உடைந்த தூண்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திருக்கைகள். அழுகை நின்றுவிட்டது. மூன்று பயணங்களிலும் நாங்கள் அதிக நேரம் இருந்தது அங்கேதான். அறைக்காரர்களுக்குத் தனிக் கட்டணமும் இல்லை.

சரி, ஸ்லைடுக்கு வருகிறேன். எல்லோரும் கேட்பது, பழைய மாயன் கோயில் வடிவில் கட்டிய ஸ்லைடு கோபுரத்தின் ‘லீப் ஆஃப் ஃபெய்த்’ பற்றித்தான். 60 அடி, கிட்டத்தட்ட செங்குத்து. கீழே சுறாக்கள் நீந்தும் குளத்துக்குள் கண்ணாடிக் குழாய் வழியாகப் பாய்ந்து வெளியே வருவோம். உண்மையைச் சொன்னால் ஒரு சுறாவையும் பார்க்க முடியாது. போகிற வேகம் அப்படி, அதோடு கண்ணை வேறு இறுக்கி மூடியிருப்போம். சுறா பார்க்க வேண்டுமென்றால் அதே கோயிலில் இருக்கும் ‘சர்ப்பன்ட்’ ஸ்லைடு. டியூபில் உட்கார்ந்து இருட்டுக்குள் சுற்றி இறங்கி, கடைசியில் சுறாக்களுக்கு நடுவே மெதுவாக மிதந்து போகலாம். 2017இல் ஒன்பது வயதுப் பையன் ‘லீப்’பில் நான்கு முறை குதித்தான். நான் ஒரு முறை, அதுவும் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற மறந்து. கண்ணாடி திரும்பவில்லை.

என் கணக்கில் அங்கே சிறந்தது சுமார் ஒரு மைல் நீளத்துக்கு ஓடும் செயற்கை ஆறு. சும்மா மிதக்கிற ஆறு என்று நினைத்துப் போனால் திடீரென அலை அடித்துத் தூக்கிப் போடும். டியூபை விட்டு இறங்காமலே கன்வேயர் பெல்ட் நம்மை ‘பவர் டவர்’ என்ற இன்னொரு கோபுரத்தின் ஸ்லைடுகளுக்கு ஏற்றிவிடும். படியில் மூச்சு வாங்கும் வேலையே இல்லை. நாற்பது தாண்டியவர்களை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

டால்பின்களோடு பழகும் ‘டால்பின் கே’ என்ற இடத்தின் பக்கம் ஒரு முறைதான் போனோம், தனிக் கட்டணம். 2005இல் கத்ரீனா புயல் மிசிசிப்பியின் கல்ஃப்போர்ட்டில் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தை உடைத்தபோது கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு மீட்கப்பட்ட டால்பின்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. அதைக் கேட்ட பிறகு, அவற்றோடு சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள மனைவிக்கு மனம் வரவில்லை. கேசினோவை எட்டிப் பார்த்ததோடு சரி.

சாப்பாடு. தீவுக்குப் பெரும்பாலும் எல்லாமே கப்பலில் வருவதால் விலை ஏறித்தான் இருக்கும். பில்லில் 10 சதவீத வாட் உண்டு, பெரும்பாலும் சேவைக் கட்டணமும் சேர்ந்தே வரும். அதைப் பார்க்காமல் ஒரு உணவகத்தில் மேலே டிப்ஸும் வைத்துவிட்டு வந்தோம். மூன்றாவது முறை சமையல் மேடை உள்ள ‘ரீஃப்’ கட்டடத்தில் அறை எடுத்தோம். காலையில் தோசை, ராத்திரி தயிர் சாதம், பர்ஸுக்கும் வயிற்றுக்கும் நிம்மதி. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘பீஸ் அண்ட் ரைஸ்’ (பயறு சாதம்) என்ற பெயரை நம்பாதீர்கள், வழக்கமாகப் பன்றி இறைச்சி போட்டுத்தான் தாளிப்பார்கள். அசைவம் என்றால் பாலம் தாண்டி, தலைநகர் நசாவில் (Nassau) இருக்கும் ‘அரவாக் கே’ என்ற சாப்பாட்டுக் கடைப் பகுதிக்குப் போங்கள். சங்குச் சதையைப் பச்சையாக நறுக்கி, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, அந்த ஊர் மிளகாய் போட்டுக் கண்ணெதிரே கலந்து தருவார்கள். காரம் நம் நாக்குக்கே உறைக்கும்.

திரும்பும்போது அமெரிக்கக் குடிவரவுச் சோதனை நசாவ் விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். வரிசை நீளம், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

2023இல் பையனுக்குப் பதினைந்து. போனும் கையுமாகத் திரிந்தவன், கடைசி நாள் தானாகவே அந்த 48 அங்குலக் கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றான். அவன் நெஞ்சளவுதான் இருந்தது. படம் எடுக்க மட்டும் விடவில்லை.