நடையா, சைக்கிளா, இடைவெளிப் பயிற்சியா: பிபியும் எடையும் கூடிய பெண்களுக்கு எது தோது?

“தினமும் நடங்கம்மா” என்று டாக்டர் சொல்வார். எவ்வளவு நேரம், என்ன வேகம் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. அந்த நிமிடங்களை எதில் செலவழிப்பது?

நடைக்குச் செருப்பை மாட்டினால் போதும், காசு வேண்டாம். ஆனால் பலருடைய நடையில் வேகம் இருப்பதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால்தான் அது மிதமான பயிற்சி. பக்கத்து வீட்டு அக்காவோடு கதை பேசிக்கொண்டே போவது நடைதான், பயிற்சி என்று சொல்ல மாட்டேன். மொட்டை மாடியில் எட்டு போடுவதும் அப்படித்தான். எட்டு வடிவத்துக்கென்று தனிச் சக்தி ஏதும் இல்லை. திரும்பித் திரும்பி வருவதில் வேகம்தான் குறையும். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பையும் முழுதாக நம்ப வேண்டாம். அடெனோலால், மெட்டோப்ரலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்களுக்கு மூச்சுதான் அளவுகோல்.

நடையின் பெரிய குறை முழங்கால். உடல் எடையைப் போலச் சில மடங்கு பாரம் ஒவ்வொரு அடியிலும் மூட்டில் இறங்குகிறது. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் இருந்தால் இரண்டாவது வாரமே நடை நின்றுபோகும்.

அங்கேதான் வீட்டிலோ ஜிம்மிலோ ஒரே இடத்தில் நிற்க மிதிக்கும் நிலைச் சைக்கிள் ஜெயிக்கிறது. எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. திருகைக் கொஞ்சம் இறுக்கினால் மூச்சு வாங்கும், தளர்த்தினால் அடங்கும். மழை, தெருநாய் தொல்லையும் கிடையாது. ஆனால் இருக்கையின் உயரம் முக்கியம். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இருக்கையைத் தாழ்வாக வைத்தால் சைக்கிளே மூட்டு வலியைக் கொண்டுவரும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்குவதும் கூடாது. அந்த நேரத்தில் பிபி எகிறும்.

நீரில் செய்யும் பயிற்சி மூட்டுக்கு இன்னும் இதம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் குளம் பக்கத்தில் இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

இடைவெளிப் பயிற்சி இப்போது ஜிம்முக்கு ஜிம் பேச்சாக இருக்கிறது. நார்வே பாணியில் நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு முறை. இதய-நுரையீரல் திறன் நன்றாகக் கூடும், உண்மைதான். பிபி விஷயத்தில் அதற்குத் தனி மவுசு இல்லை. 2023-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிபியின் மேல் அளவு, நடை, சைக்கிள் மாதிரி சாதாரண ஏரோபிக் பயிற்சியில் சராசரியாக 4.49 புள்ளி குறைந்தது, இடைவெளிப் பயிற்சியில் 4.08. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவதுபோல முழங்காலை மடக்கி, தம் கட்டாமல் அசையாமல் இருக்கிற சுவர் சாய்வு வகைப் பயிற்சிகள்தான் 8.24 என்று முந்தின. அதற்காக நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. மூச்சுத் திறனுக்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் ஏரோபிக்தான் கைகொடுக்கும். சுவர் சாய்வு முழங்காலையும் சோதிக்கும்.

என்னைக் கேட்டால், மூட்டு நன்றாக இருந்தால் வேக நடை, வலித்தால் சைக்கிள். 30 நிமிடம் ஒரேயடியாக முடியாதா? காலையில் 15, மாலையில் 15. இடைவெளிப் பயிற்சியைச் சில மாதம் கழித்து, டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். எடை மெஷின் அசையவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். எடை குறையாமலே பிபி இறங்குவது உண்டு. அதனால் வீட்டில் பிபி மெஷின்தான் முதலில் வேண்டும்.

அளவு 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தம், தாடை வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, குமட்டல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலைத் தவிர்க்கட்டும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து முடியுங்கள். சட்டென்று நின்றால் தலைசுற்றும். பிபி இறங்கிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அளவைக் குறைக்கலாமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.