முகம் வீங்கினால் முதலில் வாங்க வேண்டியது: யூரின் ஸ்ட்ரிப்

வேலூர் ஆற்காடு ரோடு மருந்துக் கடைகளில் கிடைக்கிற, சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்களில் வீட்டுக்கு யூரிஸ்டிக்ஸ் வகையே போதும், பத்துக் கட்டம் உள்ளது வேண்டாம். இதில் இரண்டே கட்டம்: சர்க்கரை, புரதம். கிட்னி சிறுநீரில் புரதத்தைக் கசியவிட்டால் உடம்பு வீங்கும்; அதனால் வீக்கத்துக்குப் பார்க்க வேண்டியது புரதக் கட்டம்.

காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர். தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். ஸ்ட்ரிப்பை முக்கி உடனே எடுத்து, ஓரத்தை வழித்துவிட்டு, சரியாக 60 நொடியில் டப்பா மேலுள்ள நிறங்களோடு ஒப்பிடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் ‘நில்’ (nil), அதாவது புரதம் தெரியவில்லை. பச்சை ஏற ஏற அளவு கூடுகிறது: ஒரு பிளஸ் டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம், இரண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300.

நம்ம ஊர் வெயிலில்தான் இது ஏமாற்றும். தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீர் கெட்டியானால் நல்ல கிட்னிக்கும் டிரேஸ் (ஒரு பிளஸுக்கும் கீழான சிறு அளவு), ஒரு பிளஸ் காட்டும். காய்ச்சலிலும் அப்படித்தான். டப்பா 30 டிகிரிக்கு மேல் சூடானால் கட்டங்கள் கெடும். பிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. ஸ்ட்ரிப் எடுத்த கையோடு மூடியை இறுக்குங்கள்.

காலையில் கண்ணைச் சுற்றி உப்பி, சிறுநீர் நுரைத்து, மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது கிட்னி வழியாகப் புரதம் பெருமளவில் கசிகிற நோய் என்றே சந்தேகிக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதை அலர்ஜி என்று நினைத்து செட்ரிசின் கொடுத்து வாரக்கணக்கில் கடத்திவிடுகிறார்கள். அந்த ஒரு தவறைத் தடுப்பதற்கே இந்த ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்கிற காசு தகும்.

‘நில்’, டிரேஸ் என்றால் வேறு பக்கம் பாருங்கள். சாயங்காலம் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் இதயம். வயிறு முதலில் உப்பிக் கண் மஞ்சளித்தால் ஈரல். ஒரே கால் மட்டும் என்றால் யானைக்கால் அல்லது ரத்தக்கட்டி. பிரஷருக்கு அம்லோடிபின் போடுபவருக்குக் கணுக்கால் வீங்கினால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஒரு பிளஸ் வந்தாலே அன்றைக்கே பிரஷர் பார்த்தாக வேண்டும்.

இந்த ஸ்ட்ரிப்பின் பெரிய குறை, ‘நில்’ என்பது கிட்னிக்கு நற்சான்று ஆகாது. சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் கசிகிற சிறிய அளவு அல்புமினை (ரத்தத்தில் உள்ள முக்கியப் புரதம்) இது பிடிக்காது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தாலும் காட்டாது.

இரண்டு நாள் இரண்டு பிளஸ் வந்தால் யூரின் புரோட்டீன் கிரியாட்டினின் ரேஷியோ, ரத்தத்தில் அல்புமின், கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் எடுத்துவிடுங்கள். ரேஷியோ பெரியவருக்கு 3.5, குழந்தைக்கு 2 தாண்டினால் நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டரிடம் போங்கள். அதற்கு முன் கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டால் சிறுநீரில் புரதம் குறைந்துவிட்டால் என்ன நோய் என்று பிடிப்பதே சிரமமாகிவிடும்.